உள் அட்டையில் ஒரு பெயர்

கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பு, அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களைத்தான் பார்ப்பேன். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் சரித்திரமே அடங்கியிருக்கும். என் தமக்கையின் மகன், பொருளாதாரப் பேராசிரியன், போன மாதம் ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகையைக் கொண்டுவந்தபோதும் அதே வழக்கப்படி உள் அட்டையைப் புரட்டினேன். ஆசிரியர் குழு என்று நாற்பது பேர். அநேகமாய் எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்து. கடைசிக்கு முந்தின வரியில் இவன் பெயர்.

"பலே!" என்றேன்.

"இந்தியாவுக்கு நான் ஒருத்தன்தான், மாமா" என்றான். குரலில் பெருமையைக் காணோம்.

அந்த மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பது லேசான விஷயமல்ல. 1907-ல் ராமஸ்வாமி ஐயர் தொடங்கிய இந்திய கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில்தான், எஃப். ஏ. கூடத் தேறாத ராமாநுஜனின் முதல் கட்டுரை 1911-ல் பிரசுரமாயிற்று. ஆசிரியர் நாராயண ஐயங்கார். பையன் எழுதியிருந்த விதம் யாருக்கும் புரிகிற மாதிரி இல்லை. அவர் அதைக் குப்பையில் போடவில்லை. திருப்பி அனுப்பி, திருத்தச் சொல்லி, மறுபடியும் வாங்கி, மெனக்கெட்டு அச்சேற்றினார். நம்மவன் என்றால் அந்தப் பொறுமை தானாக வந்துவிடுகிறது. ராமாநுஜனுக்கு அந்த மேஜை எட்டியது. எட்டாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

சரக்கைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை என்பார்கள். பீட்டர்ஸ், செஸி என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் 1982-ல் ஒரு வேடிக்கையை வெளியிட்டார்கள். பெரிய சர்வகலாசாலைக்காரர்கள் எழுதி, ஏற்கெனவே பிரசுரமான 12 கட்டுரைகளை எடுத்து, யாரும் கேள்விப்படாத பெயரும் ஊரும் போட்டு, வெளியிட்ட சஞ்சிகைகளுக்கே மறுபடி அனுப்பினார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டுக்கு நிராகரிப்பு. ஆராய்ச்சி முறையிலே பலத்த கோளாறாம்!

"சரி, உனக்கு மாதம் எத்தனை கட்டுரை படிக்க வருகிறது?" என்று கேட்டேன்.

"சேர்ந்து இரண்டரை வருஷமாகிறது. ஒன்றுகூட வரவில்லை."

எல்லாவற்றையும் தலைமை ஆசிரியரும் பக்கத்தில் நாலு பேரும் பார்த்துக்கொள்கிறார்களாம். பத்திரிகையில் பெயரைப் போட்டுவிட்டுப் பந்திக்குக் கூப்பிடாத கதைதான்.

அவனிடம் படித்த பெண் ஒருத்தி, காய்கறி மார்க்கெட்டில் கூடைக்காரிகள் வாங்கும் தண்டல் கடனைப் பற்றி நாலு வருஷம் அலைந்து எழுதியதை அந்தச் சஞ்சிகைக்கே அனுப்பியிருக்கிறாள். பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது. 'இது ஓர் ஊர் விவகாரம். பொதுவான வாசகருக்குப் பயன்படாது.' அதே இதழில் அமெரிக்காவின் ஒரே மாகாணத்து அடமானக் கடனைப் பற்றி முப்பது பக்கம். அது மட்டும் எப்படியோ உலக விவகாரமாகிவிட்டது.

"அவள் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும், மாமா. 'சார், உங்கள் பெயர் இருக்கிறதே என்றுதான் அங்கே அனுப்பினேன்' என்றாள்."

அன்று ராத்திரியே தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினான்: படிக்கக் கட்டுரைகள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள். நான்தான் இரண்டு இடத்தில் காரத்தைக் குறைத்தேன்.

நேற்றுப் பதில் வந்தது. அவனுடைய மேலான சேவைக்கு மனமார்ந்த நன்றி. பழைய படம் தெளிவாக இல்லையாம், புதிதாக ஒரு போட்டோ வேண்டுமாம்.