சிங்கப்பூரில் அம்மாவுடன்

சென்ற ஜனவரி மாதம் எங்கள் அம்மா செவிலியர் பணிக்காகச் சிங்கப்பூர் சென்றார்கள். வீடு கட்டிய கடன் ஒருபுறம், எங்கள் மேற்படிப்பு ஒருபுறம் என்று அப்பாவும் அம்மாவும் பல இரவுகள் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அந்நாட்டில் ஒரு சம்பள வரம்பு உண்டு. அம்மா அதை இன்னும் எட்டவில்லை. ஆகவே மே மாத விடுமுறை வரை பொறுத்திருந்து, அப்பாவோடு அக்காளும் தம்பியுமாகிய நாங்களும் தூத்துக்குடியிலிருந்து திருச்சி சென்று விமானம் ஏறினோம்.

வானளாவிய கட்டடங்களை வருணித்துத் தோழியரைக் காக்க வைக்க மாட்டோம். படங்களில் நாம் பாராததா! எங்களை வியப்பில் ஆழ்த்தியது தமிழ்தான். அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் நம் மொழியும் ஒன்றல்லவா? கையில் வாங்கிய சில்லறைக் காசிலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் பொறித்திருந்தது. ஆனால் அத்தமிழ் நம் தமிழுக்குச் சற்றே தூரத்து உறவு. டாலரை ‘வெள்ளி’ என்கிறார்கள். லிஃப்ட் ‘மின்தூக்கி’. எல்லாவற்றிலும் வேடிக்கை, செவிலியரைத் ‘தாதி’ என்பது. நம் ஊர்க் கதைகளில் அரசியின் பின்னால் சாமரத்தோடு நிற்பவள் அல்லவா தாதி? “முதல் நாள் ஒரு பாட்டி, ‘தாதி, இங்கே வாம்மா’ என்று கூப்பிட்டார்கள். யாரையோ என்று நினைத்து நான் பேசாமல் நின்றேன்” என்று சொல்லிச் சிரித்தார்கள் அம்மா.

அம்மாவின் அறையில் நாங்கள் தங்க இயலாது. வீட்டுக்காரர் அனுமதி இல்லை. யீஷூனில் உள்ள சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு, பார்க்க மட்டும் போனோம். அடுக்குமாடி வீடு ஒன்றின் உள்ளறை. இரண்டு கட்டில்கள். ஒன்றில் அம்மா, மற்றொன்றில் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர் ஒருவர். அம்மாவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. சுவரில் எங்கள் படம். வீட்டுக்காரச் சீன மூதாட்டி எங்களுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்து உபசரித்தார். நல்லவர்தான். ஆனால் அடுப்பில் வெந்நீர் வைக்கலாம், நூடுல்ஸ் வேக வைக்கலாம். தாளிப்பதும் பொரிப்பதும் கூடாது என்பது அவர் நிபந்தனை. “தினமும் மீன் சாப்பிடுகிறேன்” என்று அம்மா தொலைபேசியில் சொன்னது பொய்யில்லை. உணவங்காடியில் வாங்கும் மீன் சூப்பைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். புளியும் மிளகாயும் காணாத மீன்!

காலைப் பணி நாட்களில் அம்மா ஐந்து மணிக்கே எழ வேண்டும். அங்கே ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. மலேசியாவோடு ஒத்துப்போக 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்களாம். நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது அது. ஆக, இருட்டிலேயே எழுந்து இருட்டிலேயே ரயில் ஏறுகிறார்கள் அம்மா.

அம்மாவின் ஓய்வு நாளில் எல்லோரும் தேக்கா சந்தைக்குப் போனோம். நம் சீலா மீனை அங்கே மலாய் மொழியில் ‘தெங்கிரி’ என்கிறார்கள். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று நகர்ந்து, வேறு கடையில் பேரம் பேசி வாங்கினார்கள். தூத்துக்குடியில் எப்படியோ அப்படியே! கறிவேப்பிலையும் தேங்காயும் அங்கேயே கிடைத்தன. சித்தி அடுப்படியை விட்டுக்கொடுத்தார்கள். குழம்பு கொதித்த மணம் மின்தூக்கி வரை போயிற்று என்றான் தம்பி. வீட்டில் எப்போதும் எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் அம்மா, அன்று முதல் ஆளாகத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “கடன் மெல்ல அடைந்தால் போதும், நீ எங்களோடு வந்துவிடு” என்றார்கள். தம்பி உடனே பெட்டி கட்டும் உற்சாகத்தில் துள்ளினான். அம்மா கை கழுவிவிட்டு வந்து நிதானமாகப் பேசினார்கள்.

“ஒப்பந்தம் இரண்டு வருடம். நான் முடித்துவிட்டுத்தான் வருவேன். கடனுக்காக மட்டும் இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. பதினைந்து வருடம் நர்ஸாக இருந்திருக்கிறேன், இங்கே இப்போதும் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன்.”

அம்மாவின் சிரமங்களுக்காக வருந்த நாங்கள் ஆயத்தமாயிருந்தோம். ‘பிடித்திருக்கிறது’ என்ற சொல்லுக்கு ஆயத்தமாயிருக்கவில்லை. தம்பி கோபித்துக்கொண்டு மாலை வரை பேசவில்லை. அப்பா வேறு ஒன்றும் சொல்லாமல், மீதிக் குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றி, பக்கத்துக் கட்டில் பிலிப்பைன்ஸ் சகோதரிக்கு என்று அம்மாவிடம் கொடுத்தார்கள். மறுநாள் காலிப் டப்பா நன்றிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. அவருக்குக் காரம் மிகவும் அதிகமாம்!

இப்போது எங்கள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் அம்மாவின் பணி நேரங்களை எழுதி வைத்திருக்கிறோம். இரவுப் பணி முடிந்த நாளில், நாங்கள் பள்ளிக்குப் புறப்படும் எட்டரை மணிக்கு அங்கே பதினொன்று. அப்போதுதான் அயர்ந்து தூங்கத் தொடங்கியிருப்பார்கள். அந்நாட்களில் மாலை வந்த பிறகே கூப்பிடுகிறோம்.