நீலம் தடுத்த கண்ணாடி

கண்ணாடி போடாத பரம்பரைன்னு பெருமை பேசிக்கிட்டிருந்தவன் நான். எங்க தாத்தா எழுபது வயசுல ஊசியில நூல் கோத்த கதையை தங்கமணிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லை. நாற்பத்திரண்டு வயசுல அந்தப் பெருமைக்கு ஆப்பு வச்சது நொய்டா வாசமும் பத்து மணி நேர லேப்டாப்பும்.

2024 நவம்பர். டெல்லி பக்கம் இருக்கறவங்களுக்கு அந்த மாசத்துப் புகை ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தை மூடிட்டு வகுப்பையெல்லாம் ஆன்லைன்ல நடத்துனாங்க. ஒரு அறையில நான் மீட்டிங்ல, அடுத்த அறையில எட்டு வயசுப் பொண்ணு டேப்லெட்டோட. சாயங்காலம் ஆனா எனக்கு நெத்தியில வலி, கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஆபீஸ்ல பாதிப் பேரு நீலம் தடுக்கற கண்ணாடி போட்டிருந்தாங்க. நானும் போய் ஒரு கடையில நின்னேன்.

கடைப் பையன் ஒரு வித்தை காட்டினான் பாருங்க! சின்ன டார்ச்லேருந்து நீல ஒளியை ஒரு அட்டை மேல அடிச்சான். பளிச்சுனு புள்ளி. நடுவுல சாதாரணக் கண்ணாடியை வச்சான், புள்ளி அப்படியே இருந்துச்சு. அப்புறம் நீலக் கண்ணாடியை வச்சான், மாசக் கடைசி சம்பளம் மாதிரி புள்ளியைக் காணோம். "பாப்பாவுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க சார்"னு ஹிந்தியில சொன்னான். பவர் பாக்கணுமான்னு அவனும் கேக்கலை, நானும் கேக்கலை. ரெண்டு வாங்கிட்டு வந்தேன்.

போட்டுப் பழகுறது இருக்கே, அது தனிக் கதை. முதல் வாரம் உலகமே லேசா மஞ்சள். தங்கமணி ஒரு புடவையைக் காட்டி "இந்த வெள்ளை நல்லாருக்கா?"ன்னு கேட்டா, "வெள்ளையா? சந்தன கலராச்சே"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். காபி டம்ளரை வாய்கிட்ட கொண்டு போனா ஆவி படிஞ்சு எதுவும் தெரியாது. மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம். கும்பகோணத்துலேருந்து வீடியோ கால்ல வந்த அம்மா, "என்னடா, கண்ணுக்குப் பதிலா ரெண்டு நீல பல்பு எரியுது? கழட்டுடா, உன் மூஞ்சியைப் பாக்கணும்"னாங்க. மூணாவது வாரம், தலை மேல ஏத்தி விட்டுட்டு வீடெல்லாம் தேடினேன். சரி, பழகிடுச்சுன்னு அர்த்தம்!

கண்ணாடி பழகுச்சே தவிர தலைவலி போகலை. மாத்திரை அட்டையில எழுதியிருக்கறதைப் படிக்க கையை நீட்டி நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கலை. இன்னொண்ணும் நடந்துக்கிட்டிருந்துச்சு. "போதும், டேப்லெட்டை வை"ன்னு சொன்னா, "கண்ணாடி போட்டிருக்கேனேப்பா"ன்னு பொண்ணு சொல்லுவா. நானும் அதுக்கு மேல பேச மாட்டேன். அதுதான் பாதுகாப்பு இருக்கே!

2025 ஏப்ரல்ல டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. போர்டுல இருக்கறதை எழுதாம பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்து எழுதறாளாம். நேரா கண் டாக்டர்கிட்ட போனோம். அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 1.75. கூடப் போன எனக்கும் பார்த்தாங்க. பிளஸ் 1.25, நாற்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்ற வெள்ளெழுத்து.

டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. கண் உறுத்தலுக்குக் காரணம் நீலம் இல்லை, கண்ணை இமைக்க மறந்து போறது. சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை இமைக்கறவங்க திரை முன்னாடி பாதிகூட இமைக்கறதில்லை. குளிர்காலத்துல ரூம் ஹீட்டரும் சேர்ந்தா கண்ணு இன்னும் வறண்டுடும். திரையிலேருந்து வர்றதை விடப் பல மடங்கு நீலம் வெயில்லயே இருக்காம். அந்த டார்ச் வித்தையையும் கேட்டேன். அதுல வர்றது ஊதாவை ஒட்டின ஒளி, 405 நானோமீட்டர் பக்கம். திரையோட நீலம் 450 பக்கம். முன்னதை மறைக்கற கண்ணாடி பின்னதுல பெரும்பகுதியை உள்ளே விட்டுடும். வீட்டுக்கு வந்து தேடினா, 17 ஆய்வுகளை அலசின காக்ரேன் அறிக்கை 2023லயே வந்திருக்கு. இந்தக் கண்ணாடியால கம்ப்யூட்டர் கண் அசதி குறையறதா தெரியலைன்னு சொல்லுது. நான் வாங்குனதுக்கு ஒரு வருஷம் முன்னாடி!

என் காசு போனது போகட்டும். டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் குத்துது. "பாப்பா தினமும் வெளியில எவ்வளவு நேரம் விளையாடுறா?" நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். தினம் ரெண்டு மணி நேரமாவது வெளி வெளிச்சத்துல இருக்கற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறையுதாம். "இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், குழந்தையைத் திட்டாதீங்க"ன்னாங்க. அவளை எதுக்குத் திட்டணும்? புகைக்குப் பயந்து கதவைச் சாத்தினது சரி. புகை போன பிறகும் திறக்கலையே? அவ மூக்கு மேல ஒரு கண்ணாடி இருந்ததால, கண்ணைக் கவனிச்சாச்சுன்னு நான் நிம்மதியா இருந்துட்டேன். அவளுக்குப் போர்டு தெரியாம எத்தனை மாசம் போச்சோ.

இப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கீழே பூங்காவுக்குப் போறோம். வேலை நடுவுல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியா தூரத்தைப் பார்க்கறேன். பவர் கண்ணாடி ஒரே நாள்ல பழகிடுச்சு, தலைவலியும் குறைஞ்சிருக்கு.

பொண்ணு புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல பால்கனிக்குத்தான் ஓடினா. எதிர் பிளாக்கையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்பா, அது புறாவா? நான் யாரோ பூந்தொட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்"னா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கண்ணாடிக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கண் டாக்டரைப் பாருங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க.