இடைக்காலப் பொறுப்பாளர்

1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமான் காலமானார். பட்டத்துக்குரிய பேரர் மார்த்தாண்டருக்கு அப்போது பத்து வயதுதான். திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியே ஆட்சிக் காப்பாளராகவும் பொறுப்பேற்றார். இனாம் நிலங்களை ஒழுங்குபடுத்தினார். நகரின் குளங்களைத் தூர் வாரச் செய்தார். 1894-இல் இளவரசர் உரிய வயதை எய்தியதும் ஆட்சியை ஒப்படைத்து விலகினார். பள்ளியில் கேட்ட இவ்வரலாற்றின் பொருள், எங்கள் அத்தா மௌத்தான பிறகே எனக்கு விளங்கிற்று.

அறந்தாங்கியில் அத்தா ஒரு சிறிய அரவை ஆலை நடத்தி வந்தார்கள். அண்ணன் சவூதியில், ஒப்பந்தம் முடிய எட்டு மாதங்கள் இருந்தன. நானோ கல்லூரி மாணவன். அம்மா இத்தாவில் இருந்தார்கள். ஆலையை மூடினால் வாடிக்கை போய்விடும். வேலையாட்கள் வீட்டில் அடுப்பெரியாது. ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவரை எட்டு மாதத்திற்குச் சம்பளத்தில் அமர்த்தலாம் என்றார்கள் பெரியத்தா. "வெளியாளிடமா கல்லாச் சாவி?" என்று உறவினர் முகம் சுளித்தனர். நானும்தான்.

வந்தவர் முதல் நாளே மூட்டைகளை எண்ணிப் பேரேட்டில் பதிந்தார். அத்தாவின் கடன்களை முதலில் தீர்த்தார். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று வரையறுத்தார். உறவினரிடம் பழைய பாக்கியைக் கேட்க எங்களுக்குக் கூச்சம், அவருக்கு இல்லை. ஒருநாள் நான் கல்லாவைத் திறந்தபோது, "தம்பி, இதில் உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பங்குண்டே!" என்றார் மெல்ல. நான் தலைகுனிந்தேன்.

அண்ணன் திரும்பியதும், இருவரைச் சாட்சியாக வைத்துச் சாவியையும் பேரேட்டையும் ஒப்படைத்தார். "இங்கேயே இருந்துவிடுங்களேன்" என்று அண்ணன் வற்புறுத்தியும் இணங்கவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இம்முறை கைகொடுத்ததுண்டு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கி, தீபக் பரேக், கிரண் கார்னிக் முதலியோரை நியமித்தது. சில மாதங்களிலேயே நிறுவனம் டெக் மகிந்திராவின் கைக்கு மாறிப் பிழைத்தது.

நிலைத்திருக்க விரும்பாதவருக்கு யாரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையில்லை. ஆதலால் உள்ளதை உள்ளபடி சொல்வார். ஆயினும் காலம், ஊதியம், எந்தத் தொகைவரை கையொப்பமிடலாம் என்பவற்றை முன்னரே எழுதிக்கொள்வது நலம். தொழிலும் ஓர் அமானிதமே. அதை நம்பிக்கையானவர் கையில் சில காலம் ஒப்படைப்பது இழுக்கன்று; கைவிடுவதே இழுக்கு.