பிர் ஹக்கீமும் குமாரமங்கலமும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் ‘பிர் ஹக்கீம்’ எனக்குச் சிறு வயதிலேயே பழகிய பெயர். 1942இல் லிபியப் பாலைவனத்தில் ரோமலின் படையை இரண்டு வாரம் தடுத்து நிறுத்தினார் பிரெஞ்சுத் தளபதி கேனிக். போர் முடிந்த பின் அரசியலுக்கு வந்தார், 1951இல் எம்.பி., 1954இல் பாதுகாப்பு அமைச்சர்.

சேலத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதே பிர் ஹக்கீம் அருகே நம் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்துக்காரர் ஒருவரும் பீரங்கிப்படை மேஜராகப் போரிட்டுச் சிறைப்பட்டார் என்பது. பி.பி. குமாரமங்கலம். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி.

அவர் வீட்டில் அரசியலுக்கா பஞ்சம்? அப்பா டாக்டர் சுப்பராயன் 1926இல் சென்னை மாகாண முதல்வர். தம்பி மோகன் மத்திய அமைச்சர். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. (ஒரே வீட்டில் எத்தனை கட்சி!) மோகனின் மகன் ரங்கராஜன் 1984இல் சேலத்திலேயே ஜெயித்தார்.

ஜெனரல் கரியப்பாகூட 1971இல் பம்பாயில் நின்று தோற்றார். இவர் அந்தப் பக்கமே போகவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அக்கம்பக்கத்து நாடுகளில் தளபதிகள் ஓட்டுக்கூடக் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்த காலம் அது. தேர்தல் வேலை பார்த்த குமாஸ்தாவாகச் சொல்கிறேன், அந்தக் குடும்பப் பெயருக்கு இங்கே ஓட்டு விழுந்திருக்கும்.