முதுகுக்குப் பின்னால் ஒரு கை

ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது ஆசிரியர் ஒரு அச்சுப்படத்தைக் காட்டினார். ழான் பிரான்சுவா மில்லே 1857இல் தைல வண்ணத்தில் வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’. அறுப்பு முடிந்த பிரெஞ்சு வயலில் மூன்று பெண்கள், சிந்திய கோதுமைக் கதிர்களைப் பொறுக்குகிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். “இடுப்பு வலி. ஆனாலும் படத்தில் என்ன அமைதி பாருங்கள்” என்றார் ஆசிரியர்.

என் அம்மாவும் கதிர் பொறுக்கியவள்தான். நான் வாயைத் திறக்கல. சொன்னா சேரிப்பயன்னு தெரிஞ்சிடுமேன்னு பயம்.

லீவுக்குப் போனப்ப அம்மாகிட்ட படத்தைக் காட்டினேன். ஆசிரியர் சொன்னதையும் சொன்னேன். அம்மா சிரிச்சுது.

“வலியா? நல்லா பாருடா. பொறுக்குன கதிரு அந்தக் கையில இருக்கு. ஒரு கை பொறுக்கணும், ஒரு கை சேத்துப் புடிக்கணும்.”

அப்புறம் வலது பக்கம் தூரத்துல விரலை வச்சுது. “குதிரைமேல உக்காந்திருக்கானே, இவன் யாரு, காரியக்காரனா?”

ஆமாம், மேற்பார்வைக்காரன்தான். வகுப்பில் எவன் கண்ணிலும் படாதவன்.

அதுக்கப்புறம்தான் எனக்குப் படம் பார்க்கத் தெரிஞ்சது. போர், வண்டி, அறுப்புக் கூட்டம், குதிரைக்காரன் எல்லாம் தூரத்தில் மங்கலான பொன்னிறத்தில் கரைந்து கிடக்கின்றன. கனமெல்லாம் முன்னால் இருக்கிறது: முரட்டுத்துணிப் பாவாடை, காய்த்த கைகள், காலைக் குத்தும் அரிதாள். நல்லாக் குனிந்த இரண்டு பேரின் முதுகும் அடிவானத்துக்கு மேலே எழும்பவில்லை. மில்லே நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து வயலில் உழைத்தவர். எங்கே கனம் வைக்கணும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஏழைப் பெண்களை இவ்வளவு பெரிதாய் முன்னால் நிறுத்தியது பாரிஸ் கண்காட்சியில் மேட்டுக்குடி விமர்சகர்களுக்குப் பொறுக்கவில்லை. 1848 புரட்சியின் பயம் அவர்களுக்கு இன்னும் போயிருக்கவில்லை.

ஆனா ஒண்ணு. அந்த நாட்டில் சிந்தினதைப் பொறுக்க ஏழைக்கு வழக்கமும் சட்டமும் இடம் கொடுத்தன. எங்கம்மாவை ஒருநாள் வரப்பிலேயே நிறுத்தி மடியை உதறச் சொல்லியிருக்கிறான் பண்ணைக்காரன். படத்தைப் பார்த்த அன்னைக்குத்தான் அம்மா அதைச் சொல்லுச்சு.

லீவு முடிந்து முதல் வகுப்பில் எழுந்து நின்றேன். “சார், அந்தக் கை வலிக்கு இல்ல. பொறுக்குன கதிர வச்சிருக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மா பொறுக்குனவங்க சார்.”