மெட்ரோ தூரத்தில் ஒரு காட்டு ஆர்க்கிட்!

ஆர்க்கிட் என்றதும் மலைப்பிரதேசத்து மலர்க் கண்காட்சியும், கல்யாண மேடை அலங்காரமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், வெயில் கொளுத்தும் சென்னையிலேயே காட்டு ஆர்க்கிட் உண்டு. அதுவும் மரத்தில் தொற்றிக்கொண்டு அல்ல, தரையில்!

2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, திருவொற்றியூர்க்காரர்கள் ஒரே ரயிலில் ஆலந்தூர் போய் இறங்கலாம். அங்கிருந்து மேடவாக்கம் பக்கம் போனால் நன்மங்கலம் காப்புக்காடு. கைவிடப்பட்ட கருங்கல் குவாரி, சுற்றிலும் முட்புதர். கொம்பன் ஆந்தைக்குப் பேர்போன இந்தக் காட்டில் அரிய தரை ஆர்க்கிட்களும் இருக்கின்றன.

புதருக்குள் ஒரு பூ

நம் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வறண்ட புதர்க்காடுகளில் வளரும் தரை ஆர்க்கிட்களில் ஒன்று, 'யூலோபியா எபிடென்ட்ரியா'. கிழங்கு போல் பருத்த பச்சைத் தண்டில் நீரைச் சேமித்துவைத்துக்கொண்டு கோடையைத் தாண்டும். பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பூந்தண்டு எழும்பும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்கள், நடுவே ஊதா கோடு ஓடிய வெள்ளை உதடு. கிரேக்க மொழியில் 'யூலோபியா' என்றால் 'அழகிய கொண்டை'. உதட்டின் மேலுள்ள மேடுகளைப் பார்த்து வைத்த பெயர்.

இதன் முழு அறிவியல் பெயரில் கோனிக் என்பவரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியச் செடிகளைத் தேடித்தேடிச் சேகரித்த தாவரவியலாளர் அவர்.

மண்ணுக்குள் ஒரு கூட்டாளி

ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். மற்ற விதைகளைப் போல முளைக்கும் கருவுக்கான சாப்பாடு அதற்குள் இல்லை. மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சை உணவு ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். அதனால்தான் காட்டுச் செடியைப் பிடுங்கிவந்து தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. செடி வந்துவிடும், அது வாழ்ந்த மண் கூடவே வராது.

எண்ணூர் சொல்லும் பாடம்

ராயபுரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வடக்கே போனால், எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் தெரியும். உப்புச் சேற்றுக்கென்றே பிறந்த உமரியும் அலையாத்தியும் அங்கே உண்டு. அந்தச் சேற்றின் மேல்தான் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. அலையாத்திக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுவிடலாம்தான். ஆனால், சாம்பலுக்கு அடியில் போன சேற்றை எங்கிருந்து கொண்டுவருவது?

வடக்கே உப்புச் சேறு, தெற்கே முட்புதர். இரண்டையும் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லித்தான் இந்த நகரம் நிரப்பிவந்திருக்கிறது. செடியைக் காப்பாற்ற நினைத்தால், முதலில் அதன் காலடி மண்ணைக் காப்பாற்ற வேண்டும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி அவசியம்.
* பாதையை விட்டு விலகாதீர்கள். பூ இல்லாத நாளில் ஆர்க்கிட் சாதாரணப் புல் போலத்தான் தெரியும், மிதித்துவிடுவீர்கள்.
* பூவை போட்டோ எடுங்கள், பறிக்காதீர்கள். அது நிற்கும் இடத்தை சோஷியல் மீடியாவில் போடவும் வேண்டாம்.