வீட்டுக்குள் ஒரு சர்க்கரை ஆலை

உயிரியல் ஆசிரியராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இலை எப்படிச் சர்க்கரை செய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காற்றில் உள்ள கரியமில வாயுவை, ஐந்து கார்பன் கொண்ட ஒரு பொருளோடு இலை சேர்க்கும். சேர்ந்ததும் அது மூன்று மூன்று கார்பனாக இரண்டு துண்டாகும். வெயிலில் கிடைத்த ஆற்றலைக் கொண்டு அந்தத் துண்டுகளில் இருந்து சர்க்கரை உருவாகும். கதிரியக்கக் கார்பனைப் பாசிக்குக் கொடுத்து இந்தப் பாதையைக் கண்டறிந்த குழுவின் தலைவர் மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சொந்த வீட்டில் நடந்தது புரியவில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். ராத்திரி இரண்டு இட்லியோடு சரி. படுக்கும்போது 140 காட்டும் கருவி, காலையில் வெறும் வயிற்றில் 180 காட்டும்.

"ராத்திரி எழுந்து ஏதாவது வாயில போட்டுக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்லீங்க."

நான் நம்பவில்லை. பேரனுக்காகச் செய்து வைத்திருந்த அதிரசங்களை ஒருநாள் எண்ணி வைத்தேன். எண்ணுவதை அவள் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது.

மருத்துவரிடம் போனபோது இதை ஒரு புகாராகவே சொன்னேன். அவர் சிரித்தார். "சார், அம்மா எதுவும் சாப்பிடலை. அவங்க கல்லீரல்தான் ராத்திரியில சர்க்கரை செஞ்சு ரத்தத்துல விடுது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் அது! நாம் தூங்கினாலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம். அதற்காகக் கல்லீரல், தான் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துத் தருகிறது. அதோடு நிற்காமல் லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள், கொழுப்பில் இருந்து வரும் கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு புதிதாகவும் குளுக்கோஸ் செய்கிறது. இலைக்கு வெயில் வேண்டும். கல்லீரலுக்குக் கொழுப்பை எரித்து வரும் ஆற்றலே போதும். இருட்டிலும் ஆலை ஓடும்.

"போதும், நிறுத்து" என்று அதற்குச் சொல்வது இன்சுலின். சர்க்கரை நோயில் அந்தச் சொல் கல்லீரலின் காதில் சரியாக ஏறுவதில்லை. அவள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே இந்த ஆலையை மட்டுப்படுத்துவதுதான். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் காலைச் சர்க்கரை ஏறியிருந்தால், டப்பாவை எண்ணுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "தப்பு என் மேலதான்" என்றேன். அவள் காபியை ஆற்றியபடியே சொன்னாள்: "கல்லீரலுக்கு வாய் இருந்தா அதுவே ஒத்துக்கிட்டிருக்கும். அதையும் நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."